சொட்டுநீர் வடிகட்டி அடிக்கடி அடைக்கிறதா? வலையைக் கழற்றிப் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சொட்டுநீர் போட்ட முதல் வருடம் எல்லாம் நன்றாக ஓடும். இரண்டாம் வருடம் கடைசி வரிசை வாழை மட்டும் கொஞ்சம் பின்தங்கும். மூன்றாம் வருடம் பாதித் தோட்டத்துக்கு டிரிப்பர் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு குழாயைச் சுருட்டி மரத்தடியில் போட்டுவிட்டு, பழையபடி வாய்க்கால் பாய்ச்சலுக்குத் திரும்பியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். "நம்ம தண்ணிக்கு சொட்டுநீர் ஒத்து வராது" என்பார்கள். தண்ணீரைக் குற்றம் சொல்வதற்கு முன் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நிற்கும் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் தொடங்கியிருக்கும்.

அது எப்படித் தொடங்குகிறது என்றும் சொல்லிவிடலாம். பண்ணைக்குட்டையிலோ கிணற்றிலோ பாசி பிடிக்கிறது. வடிகட்டி இரண்டு நாளைக்கு ஒருமுறை அடைக்கிறது. ராத்திரி கரண்டில் மோட்டார் ஓடும்போது கூட இருந்து கழுவ ஆள் இல்லை. ஒரு நாள் எரிச்சலில் உள்ளே இருக்கும் வலையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு மூடியை மட்டும் மாட்டுகிறோம். பிரஷர் ஜோராக வருகிறது, தண்ணீர் கடைசி வரை போகிறது, அடைப்பே இல்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் வடிகட்டியில் நிற்க வேண்டிய அழுக்கு முழுவதும் அன்று முதல் ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் டிரிப்பர்களுக்குள் போய்ச் சேர்கிறது. வடிகட்டியைக் கழுவப் பத்து நிமிடம் போதும். டிரிப்பருக்குள் போன அழுக்கை எடுக்க வழி குறைவு, குழாயையே மாற்ற வேண்டி வரலாம்.

அடிக்கடி அடைக்கும் வடிகட்டி தன் வேலையைச் செய்கிறது. தண்ணீர் கலங்கலாக இருந்தும் மாதக்கணக்கில் அடைக்காமல் இருக்கும் வடிகட்டி மேல்தான் சந்தேகம் வர வேண்டும்.

டிரிப்பருக்குள் எவ்வளவு இடம்?

டிரிப்பருக்குள் தண்ணீர் நேராக வருவதில்லை. பாம்பு போல நெளிந்த ஒரு சிறு வழியில் சுற்றிச் சுற்றித்தான் சொட்டாக வெளியே வருகிறது. அந்த வழியின் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. வழியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருக்கும் எதையும் உள்ளே விடக்கூடாது என்பது பொதுவான கணக்கு. ஒரு மணல் துகள் தனியாக வந்தால் ஓடிவிடும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் வளைவில் சிக்கிக்கொள்ளும். அதன் மேல் பாசியின் வழுவழுப்பு ஒட்டினால் பிறகு அசையாது.

இதனால்தான் சொட்டுநீருக்குப் பெரும்பாலும் 120 மெஷ் வலை கொடுக்கிறார்கள். அதன் துளை சுமார் 130 மைக்ரான், அதாவது 0.13 மில்லிமீட்டர். மெஷ் எண் கூடக் கூடத் துளை சிறியதாகும். வலை கிழிந்து கடையில் புதிதாக வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "அதே சைஸ்தான்" என்று கொடுப்பதை வாங்கி வராதீர்கள். மாட்டும் அளவு ஒன்றாக இருந்தும் வலையின் துளை வேறாக இருக்கலாம்.

எந்தத் தண்ணீருக்கு எந்த வடிகட்டி

போர்வெல் தண்ணீரில் மணல் வந்தால் முதலில் நிற்க வேண்டியது ஹைட்ரோசைக்ளோன். கூம்பு மாதிரி இருக்கும், தண்ணீரைச் சுழற்றிக் கனமான மணலைக் கீழே தள்ளும். பாசி, இலைத்தூள் போன்ற இலேசானவற்றை அது பிடிக்காது. திறந்த கிணறு, பண்ணைக்குட்டை, வாய்க்கால், ஏரி இவற்றிலிருந்து எடுத்தால் மணல் வடிகட்டி கட்டாயம் வேண்டும். எது இருந்தாலும் கடைசியில் ஒரு வலை வடிகட்டியோ தட்டு வடிகட்டியோ காவலுக்கு நிற்க வேண்டும். உரம் விடும் வென்சுரி மணல் வடிகட்டிக்கும் இந்தக் கடைசி வடிகட்டிக்கும் நடுவில் இருப்பதுதான் சரி. கரையாத உரக் கட்டி வயலுக்குப் போகாமல் அது தடுத்துவிடும்.

போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து சொட்டுநீருக்கு விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயில் பட்டால் எந்தத் தண்ணீரிலும் பாசி வரும். போர்வெல் தண்ணீர்தானே என்று வலை வடிகட்டியோடு நிறுத்திக்கொண்டால் அது தினமும் அடைக்கும். சிறு தொட்டி என்றால் மேலே நிழல்வலை கட்டி வெளிச்சத்தைக் குறைத்தாலே பாசி பாதி குறையும். அந்தத் தொட்டியில் உரம் கரைக்கவும் கூடாது. பாசிக்கும் அது உரம்தான்.

மணல் வடிகட்டிக்குள் நடப்பது

நகரத்தில் ஓட்டல்களிலும் பள்ளிகளிலும் உள்ள நீச்சல் குளங்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு குண்டுத் தொட்டி நிற்கும். உங்கள் தோட்டத்தில் நிற்பதற்கும் அதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. தண்ணீர் மேலிருந்து மணல் வழியாகக் கீழே இறங்குகிறது. மணலின் கூர்மையான விளிம்புகளுக்கு இடையில் பாசியும் தூசியும் சிக்குகின்றன. சுத்தமான தண்ணீர் அடியிலிருந்து வெளியேறுகிறது. மணல் நிறைந்ததும் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுகிறோம். இதைத்தான் பேக்வாஷ் என்கிறோம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீச்சல் குளத்தில் அதே தண்ணீர் திரும்பத் திரும்ப வடிகட்டிக்கு வரும். இன்று தப்பிய அழுக்கு நாளை மாட்டும். நம் தோட்டத்தில் தண்ணீர் ஒரே ஒரு முறைதான் வடிகட்டியைக் கடக்கிறது. தப்பியது நேராக டிரிப்பருக்குப் போகிறது. அதனால் குளத்தைப் பராமரிப்பவரைவிட விவசாயிக்குத்தான் இந்தத் தொட்டி மேல் அதிகக் கண் வேண்டும்.

மணல் என்றால் ஆற்றுமணலோ கட்டட வேலைக்கு வாங்கும் எம்-சாண்டோ இல்லை. ஆற்றுமணல் உருண்டையானது, பெரியதும் சிறியதும் கலந்தது. எம்-சாண்டில் மாவு மாதிரித் தூசி இருக்கும். வடிகட்டிக்கென்று சலித்து, ஒரே அளவில் மூட்டையில் வரும் சிலிக்கா மணலைத்தான் போட வேண்டும். தொட்டியில் கம்பெனி குறித்த மட்டம் வரை, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் மணல் இருக்க வேண்டும். மேலே உள்ள காலி இடம் வீண் இல்லை. பேக்வாஷ் செய்யும்போது மணல் பொங்கி எழுவதற்கு அந்த இடம் வேண்டும். "நிறையப் போட்டால் நன்றாக வடியும்" என்று கழுத்து வரை நிரப்பினால் மணல் எழும்பாது, எழும்பினால் வெளியே கொட்டும்.

இரண்டு கேஜும் சொல்லும் சேதி

வடிகட்டிக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ், பின்னால் ஒரு கேஜ். சில செட்டில் ஒரே கேஜ் இருக்கும், வால்வைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்கலாம். இதுதான் நம்பகமானது, ஏனென்றால் கேஜ் தவறு காட்டினாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் காட்டும். இரண்டு தனிக் கேஜ் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். மோட்டாரை நிறுத்திப் பிரஷர் இறங்கிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராத கேஜை அன்றே மாற்றுங்கள்.

நன்றாகக் கழுவிய மணல் வடிகட்டியில் முன் கேஜுக்கும் பின் கேஜுக்கும் வித்தியாசம் சுமார் 0.1 முதல் 0.3 கிலோ வரை இருக்கும். கழுவிய அன்று உங்கள் செட்டில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்த எண்ணிலிருந்துதான். வித்தியாசம் 0.5 கிலோவைத் தொட்டால் தள்ளிப்போடாமல் பேக்வாஷ் செய்ய வேண்டும். ஒரு கிலோ பிரஷர் என்பது பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் பலம். அரை கிலோ என்றால் ஐந்து மீட்டர் பலம் வடிகட்டியிலேயே கரைந்துபோகிறது. டிரிப்பர் சரியாகச் சொட்டப் பொதுவாக ஒரு கிலோ பிரஷர் தேவை என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முட்கள் போகும் போக்கை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். முன் கேஜ் ஏறி, பின் கேஜ் இறங்கினால் வடிகட்டி அடைத்திருக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டும் சேர்ந்து இறங்கினால் வடிகட்டியைத் திறக்க வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கலாம், புட்வால்வில் குப்பை சிக்கியிருக்கலாம், அல்லது வயலில் எங்காவது குழாய் விட்டிருக்கலாம்.

இரண்டும் சேர்ந்து வழக்கத்தைவிட ஏறியிருந்தால்? நிறையப் பேர் "இன்னைக்கு பிரஷர் நல்லா இருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். வயலில் ஏதாவது வால்வு மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாம் திறந்தே இருந்தால் டிரிப்பர்கள் அடைக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். தண்ணீருக்குப் போக வழியில்லாமல்தான் பிரஷர் ஏறுகிறது.

வித்தியாசமே இல்லாமல் இரண்டு கேஜும் ஒரே எண்ணைக் காட்டினால் அது இன்னும் மோசம். தண்ணீர் குறைவாக ஓடுகிறது, அல்லது வடிகட்டாமலே கடந்து போகிறது. மணலில் ஓட்டை விழுந்திருக்கலாம், வலை கிழிந்திருக்கலாம், ரப்பர் வாஷர் நகர்ந்திருக்கலாம்.

பேக்வாஷ் செய்யும் முறை

வால்வுகளின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒற்றைத் தொட்டியில் பொதுவாக நான்கு வால்வு இருக்கும்: தண்ணீர் மேலே நுழையும் வால்வு, அடியிலிருந்து வயலுக்குப் போகும் வால்வு, தண்ணீரை அடிவழியாக உள்ளே அனுப்பும் வால்வு, அழுக்கு வெளியேறும் வால்வு. வழக்கமாக ஓடும்போது முதல் இரண்டும் திறந்திருக்கும், மற்ற இரண்டும் மூடியிருக்கும். கழுவும்போது இது தலைகீழ். மோட்டார் ஓடும்போதே மாற்றுவதாக இருந்தால் திறக்க வேண்டியதை முதலில் திறந்து, பிறகு மூட வேண்டியதை மூடுங்கள். நான்கும் ஒரே நேரத்தில் மூடினால் பிரஷர் எங்கும் போக முடியாமல் ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு போகும். எதையும் படாரென்று திறக்கவும் வேண்டாம்.

வயலுக்குப் போகும் வால்வை முழுவதும் மூடி, மோட்டாரின் முழுத் தண்ணீரையும் கழுவுவதற்கே விடுங்கள். வெளியே வரும் தண்ணீரை வெள்ளை வாளியிலோ கண்ணாடி பாட்டிலிலோ பிடித்துப் பாருங்கள். முதலில் பச்சையாக, பிறகு டீ நிறத்தில், பிறகு தெளிவாக வரும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். கடிகாரத்தை நம்பாமல் தண்ணீரின் நிறத்தை நம்புங்கள். சிலர் ஒரு நிமிடத்தில் மூடிவிட்டு, "காலையில்தான் கழுவினேன், மறுபடி அடைச்சிருச்சு" என்பார்கள். மணலின் மேல்பகுதி மட்டும் கழுவப்பட்டு, நடுவில் உள்ள அழுக்கு அப்படியே நின்றிருக்கும்.

அந்தப் பாட்டிலின் அடியில் வடிகட்டி மணல் படிகிறதா என்றும் பாருங்கள். நிறைய வந்தால் வேகம் அதிகம். அழுக்கு வெளியேறும் வால்வைக் கொஞ்சம் மூடி, மணல் வராத அளவில் நிறுத்தி, அந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை வேறு யார் கழுவினாலும் அந்தக் கோடு வரை திறந்தால் போதும்.

கழுவிய தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலோ குட்டையிலோ விடாதீர்கள். ஒரு ஓஸ் போட்டுத் தென்னைப் பாத்திக்குத் திருப்பிவிடலாம். பேக்வாஷ் முடிந்து வழக்கமான ஓட்டத்துக்கு மாற்றியதும் முதல் சில நிமிடம் கொஞ்சம் கலங்கலாக வரும். மணல் திரும்பப் படிய அவ்வளவு நேரம் வேண்டும். வடிகட்டிக்குப் பின்னால் வெளியேற்றும் வால்வு இருந்தால் அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். உரம் விடும் நேரத்தில் மட்டும் பேக்வாஷ் வேண்டாம். கழுவிவிட்டு உரம் விடுங்கள். உரம் விட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீரை ஓட்டுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால், கேஜைத்தான் கேட்க வேண்டும். கோடையில் குட்டை பச்சையாக இருக்கும்போது தினமும் தேவைப்படலாம். மழைக்காலத்தில் கலங்கல் வரும்போதும் அப்படித்தான். கிணறு தெளிவாக இருக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை போதும். ஆனால் கேஜ் காட்டாவிட்டாலும் வாரம் ஒருமுறை மணலைப் புரட்டிவிடுவது நல்லது. நாள்பட நின்றால் மணல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

கோடையில் வரும் தனிச் சிக்கல்

வடிகட்டி வாங்கும்போது போர்வெல்லில் தண்ணீர் நன்றாக இருந்திருக்கும். அதற்கேற்ற பெரிய தொட்டி வைத்திருப்பார்கள். கோடையில் தண்ணீர் பாதியாகும். வடிகட்டுவதற்கு அது போதும், மணலைத் தூக்கிப் புரட்டப் போதாது. வெளியே வரும் தண்ணீர் சீக்கிரமே தெளிந்துவிடும், நாமும் கழுவிவிட்டதாக நினைப்போம். உள்ளே மணல் அசைந்தே இருக்காது.

இந்த நேரத்தில் கையால்தான் உதவ வேண்டும். மோட்டாரை நிறுத்தி, பிரஷர் பூஜ்யத்துக்கு இறங்கியதைப் பார்த்து, வடிகால் வால்வையும் திறந்து உறுதி செய்த பிறகே மேல்மூடியைத் திறக்க வேண்டும். பிரஷர் உள்ளே இருக்கும்போது போல்ட்டைக் கழற்றினால் மூடி முகத்தில் அடிக்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரி கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டரை ஆஃப் செய்து, பியூஸையும் பிடுங்கி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

மூடியைத் திறந்து மணலைக் கையால் கிளறிப் பாருங்கள். மேலே ஓரிரு அங்குலம் பச்சை வழுவழுப்பாக இருந்தால் அதை வழித்து எடுத்துவிட்டு அந்த அளவுக்குப் புது மணல் போடலாம். உள்ளே களிமண் உருண்டை மாதிரிக் கட்டிகள் இருந்தால் உடைத்துவிட்டு, ஒருவர் தடியால் மெல்லக் கிளற, அடியிலிருந்து குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டு வழியவிடலாம். அடிவரை குத்தாதீர்கள். அங்கே காளான் வடிவத்தில் கீறல் போட்ட பிளாஸ்டிக் மூடிகளோ, கீறல் போட்ட குழாய்களோ இருக்கும். உடைந்தால் மணல் முழுவதும் வயலுக்குப் போய்விடும்.

புதிதாக வாங்குபவர்கள், தண்ணீர் குறையக்கூடிய இடமென்றால் ஒரே பெரிய தொட்டிக்குப் பதிலாக இரண்டு சிறு தொட்டி கேளுங்கள். ஒன்றில் வடிந்த சுத்தமான தண்ணீரால் மற்றதைக் கழுவலாம், குறைந்த தண்ணீரே போதும். ஒற்றைத் தொட்டியில் கழுவுவது கலங்கல் தண்ணீரால்தான். விலை கூடத்தான் செய்யும். ஆனாலும் இரண்டு தொட்டிதான் என் பரிந்துரை.

மணலில் ஓட்டை, வலையில் மணல்

மூடியைத் திறக்கும்போது மணல் மேல்மட்டம் சமமாக இருக்க வேண்டும். நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு, எறும்புப் புற்று மாதிரித் துளை என்று இருந்தால் தண்ணீர் மணலில் வடியாமல் அந்த வழியாக நேரே இறங்குகிறது. தொட்டியின் அளவுக்கு மீறிய பெரிய மோட்டார், மணல் மட்டம் குறைவு, நெடுநாள் கழுவாமல் விட்டது இவைதான் வழக்கமான காரணங்கள். சமன் செய்து, குறைந்த மணலைப் போட்டு, நீண்ட நேரம் பேக்வாஷ் செய்தால் சரியாகும். மோட்டார் பெரியது என்றால் திரும்ப வரும். அப்போது கம்பெனி ஆளிடம் மோட்டார் தள்ளும் தண்ணீரின் அளவையும், வடிகட்டியின் மேல் எழுதியிருக்கும் மணிக்கு இத்தனை கனமீட்டர் என்ற எண்ணையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

மணல் வடிகட்டிக்குப் பின்னால் உள்ள வலையில் பாசிக்குப் பதிலாக மணல் நிற்கிறதா? அது கிணற்று மணலா, வடிகட்டி மணலா என்று கையில் தேய்த்துப் பாருங்கள். கூராக, ஒரே அளவில் இருந்தால் உங்கள் தொட்டியின் மணல்தான். புது மணல் போட்ட முதல் நாள் கொஞ்சம் தூள் வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால் அடியில் உள்ள மூடிகளில் ஏதோ உடைந்திருக்கிறது. மணலை முழுவதும் வாரி எடுத்து மாற்ற வேண்டியதுதான், வேறு குறுக்கு வழி இல்லை. எப்படியும் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மணலை மாற்ற வேண்டும். தேய்ந்து உருண்டையாகிவிட்ட மணல் அழுக்கைப் பிடிக்காது. அந்த வேலையையும் இதோடு முடித்துக்கொள்ளலாம்.

தொட்டியின் மேல் உள்ள காற்று வெளியேற்றும் வால்வையும் கவனியுங்கள். மோட்டார் போட்டதும் அது 'உஸ்'ஸென்று காற்றை விட்டுவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். தூசி சிக்கி மூடாமல் தண்ணீர் பீய்ச்சினால் கழற்றிக் கழுவினால் போதும். பீய்ச்சுகிறது என்பதற்காகச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவைப்பது மட்டும் வேண்டாம்.

வலையும் தட்டும்

வலை வடிகட்டியைக் கழுவும்போது கம்பி பிரஷ், தேங்காய் நார், சாவி எதுவும் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். கழுவியதும் வலையை வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே ஓட்டை. இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். வலை நன்றாக இருந்து வாஷர் நகர்ந்திருந்தால், வலை இல்லாததற்குச் சமம்.

தட்டு வடிகட்டியில் தட்டுகளைத் தளர்த்திவிட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும்படி வைத்து ஓஸ் தண்ணீரால் கழுவ வேண்டும். இறுக்கமாக இருக்கும்போதே மேலே தண்ணீர் அடித்தால் இடுக்கில் உள்ளது வெளியே வராது. வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஒரு பங்கு ஆசிட்டுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை அடங்கும் வரை ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசலாம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து விடும்போது

வடிகட்டி சரியாக இருந்தும், தண்ணீரில் கரைந்தே வரும் உப்பும் இரும்பும் டிரிப்பரில் படியும். கரைந்ததை எந்த வடிகட்டியும் பிடிக்காது. வெள்ளைப் படிவுக்கு ஆசிட் சிகிச்சை: குழாயின் கடைசியில் வரும் தண்ணீரின் பி.எச். 4 ஆகும் வரை வென்சுரி வழியாக ஆசிட் விட்டு, மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் வைத்திருந்து, பிறகு எண்ட் கேப்பைத் திறந்து அலசிவிட வேண்டும். எவ்வளவு ஆசிட் என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். பி.எச். காகிதம் வாங்கி வைத்துக்கொண்டு சோதித்துச் சோதித்துத்தான் விட வேண்டும். பாசிக்கும் வழுவழுப்புக்கும் குளோரின் சிகிச்சை, அதாவது பிளீச்சிங் பவுடர் கரைசலின் தெளிவு. அதையும் சுமார் அரை மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் வைத்திருந்து அலச வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாளியில், ஒரே வென்சுரியில் கலந்து விடக்கூடாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும். மூடிய மோட்டார் ரூமில் அது ஆளையே கொன்றுவிடும். ஒன்றை விட்டு, குழாய் முழுவதும் அலசி, வேறொரு நாளில் மற்றதை விடுங்கள். பிளீச்சிங் பவுடரை உரத்தோடும் கலக்க வேண்டாம்.

தண்ணீர் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் துரு நிறம் ஆகிறது, குழாயில் செந்நிறக் கொழகொழப்பு வருகிறது என்றால் இரும்புச் சத்து அதிகம். தண்ணீரை முதலில் தொட்டியில் உயரத்திலிருந்து பொழியவிட்டுக் காற்றுப்படச் செய்து, இரும்பு அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை மட்டும் எடுத்து வடிகட்டிக்கு விடுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை செய்யாமல் இதற்குக் கண்டபடி மருந்து விட வேண்டாம்.

வயலில் ஒரு சோதனை

வடிகட்டியைச் சரி செய்துவிட்டோம், வயலில் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் ஒரு நிமிடத்தில் சுமார் 66 மில்லி கொடுக்க வேண்டும், 2 லிட்டர் டிரிப்பர் 33 மில்லி. மருந்து அளக்கும் சிறு குடுவையை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் மூன்று, நடுவில் மூன்று, கடைசியில் மூன்று என்று ஒரு நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். கடைசியில் 50 மில்லிதான் வருகிறது என்றால் அந்தச் செடிகளுக்குக் கால் பங்குத் தண்ணீரும், அதோடு கால் பங்கு உரமும் போய்ச் சேரவில்லை.

அப்போது முதலில் சப்-மெயின் கடைசியில் உள்ள வால்வைத் திறந்து அலசுங்கள். பிறகு லேட்டரல் குழாய்களை ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் திறக்காமல் எண்ட் கேப்பைக் கழற்றி, தண்ணீர் தெளியும் வரை விடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் வேகம் போதாது, அழுக்கு நகராது. முதலில் வருவதைக் கையில் பிடித்துப் பாருங்கள். பாசி வந்தால் மணல் தொட்டியையும், மணல் வந்தால் தொட்டியின் அடியையும் ஹைட்ரோசைக்ளோனையும், உப்புப் பொருக்கு வந்தால் தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டையும் பார்க்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இப்படி அலசிவிட்டு, அன்று அளந்த மில்லிக் கணக்கையும் சுவரில் கேஜ் எண்ணுக்குப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். கம்பெனி ஆள் சர்வீசுக்கு வரும்போது அந்தச் சுவரைக் காட்டினால் அவர் வேலையும் சீக்கிரம் முடியும்.